செட்டிநாட்டு வீடுகள் பாதுகாப்பு: செயலாளரின் ஆண்டறிக்கை

பேரன்புடைய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

இவ்வாண்டு நம் சங்க வேலையில் பெரும்பகுதி ஓட்டுக்கூரையிலேதான் நடந்தது. வளவைச் (வீட்டின் நடு முற்றத்தைச்) சுற்றி இறங்கும் சாய்வுகள் சேரும் கூடல்வாயில் சருகு அடைத்துக்கொள்கிறது. ஐப்பசி மழையில் தண்ணீர் வழிய இடமின்றி ஓட்டுக்கடியில் ஏறி, ஓட்டைத் தாங்கும் மரச்சட்டமான ரீப்பரை நனைக்கிறது. சில மழைக்காலம் அப்படியே விட்டால் சுவருக்குள் புதைந்திருக்கும் உத்தர முனையும் உளுத்துப்போகிறது. பர்மா தேக்கே ஆனாலும் காற்றுப் படாமல் ஈரத்தில் கிடந்தால் தாங்காது. வெளியே பளபளப்பு அப்படியே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. முனையருகே சுத்தியல் பிடியால் தட்டினால் பொத்தென்று கேட்கும். திருப்புளியை அழுத்தினால் உள்ளே இறங்கும்.

அங்கே முதல் வேலை முட்டுக் கொடுப்பது. பிறகு உளுத்ததை நல்ல மரம் தெரியும்வரை அறுத்து, பழைய தேக்கையே பாதிப் பாதி கனத்துக்கு வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திப் போல்ட் போட வேண்டும். சுவருக்குள் போகும் முனையைச் சுற்றிக் காற்றுக்கு இடம் விட வேண்டும். அந்த இடைவெளியில் சிமெண்டை அடைப்பவர்கள் அதே உளுப்பைத் திரும்ப வரவழைக்கிறார்கள்.

பூச்சிலும் இதே கேடுதான். பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லை. உப்பு பூத்துச் செங்கல் பொடிகிறது, பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழுகிறது. நீற்றிய சுண்ணாம்பை இரண்டு வாரமாவது தண்ணீருக்கடியில் ஊறவிட்டு, ஒன்றுக்கு மூன்று மணல் சேர்த்து, கடுக்காய், பனைவெல்லத் தண்ணீர் விட்டு அரைப்பதே சரி. வெளியூரார் முட்டை வெள்ளைக்கருவைப் பற்றியே கேட்கிறார்கள். அது வழவழப்புக்குக் கடைசிப் பூச்சில் மட்டும் சேர்வது. பலமெல்லாம் சுண்ணாம்பு ஊறிய பக்குவத்தில்தான்.

கூரையைவிடப் பெரிய சிக்கல் பங்காளிகள் கையெழுத்து. 1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததோடு, அங்கே தொழில் நடத்திய குடும்பங்களுக்கு வந்த பணமும் நின்றது. வீடோ தலைமுறைக்குத் தலைமுறை பங்கு பிரிந்துகொண்டே வந்தது. ஒருவர் ஓடு மாற்ற நினைத்தாலும் மற்றவர்கள் சம்மதம் கிடைப்பதில்லை. கடைசியில் எல்லாரும் ஒத்துப்போவது பிரித்து விற்பதற்கு மட்டும்! கதவும் தூணும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்குப் போகின்றன. தூணை உருவிய தாழ்வாரம் அதிக நாள் நிற்காது. பராமரிப்புக்கு மட்டும் ஒரு பங்காளிக்கு அதிகாரம் எழுதிக் கொடுத்து, பொதுக் கணக்கு ஒன்று தொடங்குங்கள் என்று எல்லாக் குடும்பங்களையும் கேட்டுக்கொள்கிறோம்.

2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் சேர்ந்தன. அதனால் எந்த வீட்டுக்கும் சட்டப் பாதுகாப்பு வந்துவிடவில்லை. 1966-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் தொல்லியல் சட்டம் அரசு அறிவித்த சின்னங்களையே காக்கும். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த மரச்சிற்ப வேலைப்பாட்டைத் தனியார் ஏற்றுமதி செய்யக் கூடாது. உள்நாட்டில் கைமாறுவதை அது நிறுத்தாது.

ஊருணிகளில், மழைநீரைக் கொண்டுவரும் வரத்துக்கால் மேல்தான் கவனம் வேண்டும். சாலையை உயர்த்தும்போது அதனடியில் குழாய் வைக்காவிட்டால் எவ்வளவு தூர் வாரினாலும் தண்ணீர் வராது.

வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார்.

வரும் ஆண்டு ஆவணிக்குள் ஓடு பிரித்து மேய்ந்துவிட வேண்டும். புது ஓடு பழைய வளைவோடு பொருந்தாமல் ஒழுகுகிறது. ஆகவே இடிக்கும் வீடுகளின் நாட்டு ஓட்டை வாங்கி அடுக்க, மழை படாத கொட்டகை ஒன்று தேவை. இடம் தர இயன்றவர்கள் பொதுக்குழு முடிவதற்குள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

செயலாளர்