கிரீனர் திரும்பி வந்த கதை: படைக்கல உரிமம் வழங்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் மாவட்ட ஆட்சியர்களுக்கும் மாநகரக் காவல் ஆணையர்களுக்கும்,

வணக்கம்.

2020 ஆகஸ்ட் மாதம். ஊரடங்கு முழுதாகத் தளரவில்லை. எங்கள் தோட்டத்து வீட்டுக்கு அரைப்பக்கக் கடிதம் ஒன்று வந்தது. படைக்கலச் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது, இனி ஒருவர் பெயரில் இரண்டு துப்பாக்கிக்கு மேல் இருக்கக் கூடாது, கூடுதலாக உள்ளதை 13.12.2020க்குள் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும், தவறினால் நடவடிக்கை. அப்பா அதை இரண்டு தடவை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"மூணுல ஒண்ணு போகணும்" என்றார். அவ்வளவுதான்.

ஒரு வீட்டில் மூன்று துப்பாக்கியா என்று உங்களில் சிலர் புருவத்தை உயர்த்தலாம். மேற்குத் தொடர்ச்சி மலையில் காபியும் மிளகும் மலைவாழையும் போட்டிருக்கும் வீடு எங்களுடையது. பக்கத்து வீட்டுக்கு ஒன்றரை மைல் நடக்க வேண்டும். ராத்திரியில் காட்டுமாடு வரும், பன்றி வரும். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு எங்கள் வீட்டில் எந்த விலங்கையும் யாரும் சுட்டதில்லை. வானத்தைப் பார்த்து ஒரு வெடி வைத்தால் போதும், கூட்டம் ஓடைக்கு அந்தப் பக்கம் போய்விடும். சட்டமும் முன்பு ஒருவருக்கு மூன்று வரை அனுமதித்தது. அப்பாவிடம் இருந்தவை அரசுத் தொழிற்சாலையில் செய்த ஒற்றைக்குழல் ஒன்று, அவர் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய பாயிண்ட் 315 ரைபிள் ஒன்று, பிறகு தாத்தாவின் கிரீனர்.

கிரீனரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இரட்டைக்குழல், 12 போர், இங்கிலாந்தின் பர்மிங்காமில் கிரீனர் கம்பெனி செய்தது. இரண்டு குழலுக்கும் நடுவே ஓடும் பட்டையில் '68 ஹேமார்க்கெட், லண்டன்' என்று கம்பெனியின் கடை விலாசத்தைப் பொடி எழுத்தில் வெட்டியிருப்பார்கள். 1948இல் ஊருக்கு மூட்டை கட்டிய ஒரு தோட்டத்துரையிடம் தாத்தா வாங்கியது. 1878ஆம் வருஷத்துப் படைக்கலச் சட்டம் துரைமாருக்கு விலக்கு கொடுத்து நம்மவர்களை மட்டும் லைசென்ஸ் கேட்க வைத்த சட்டம். அதனால் துரையின் கையிலிருந்து அந்தத் துப்பாக்கி தன் கைக்கு வந்ததில் தாத்தாவுக்குக் கொள்ளைப் பெருமை.

சாதாரண இரட்டைக்குழலில், தவறி வெடிக்காமல் தடுக்கும் பாதுகாப்புத் தாழ் மேல்பக்கம், கட்டைவிரல் போய் நிற்கும் இடத்தில் இருக்கும். கிரீனரில் அது கட்டையின், அதாவது தோளில் அணைக்கும் மரப்பகுதியின், இடப்பக்கம், சின்னக் காது மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். அதைத் திருகித்தான் பூட்ட வேண்டும். எங்கள் வீட்டில் யார் கையில் யார் துப்பாக்கியைக் கொடுத்தாலும் முதல் கேள்வி, "காதைத் திருகினியா?" ஒற்றைக்குழலுக்குக் காதே கிடையாது, அதற்கும் இதே கேள்விதான். குழந்தைகள் பள்ளிக்குக் கிளம்பும்போது கதவைப் பூட்டியாச்சா என்பதற்குக்கூட அம்மா இப்படித்தான் கேட்பார்.

இன்னொன்று. எப்போதோ ஜீப்பிலிருந்து விழுந்து கட்டையின் கழுத்தில் விரிசல் விட்டுவிட்டது. மலைக்குக் கீழேயிருந்து வந்த ஆசாரி ஒருவர் செம்புக் கம்பியால் சுற்றிக் கட்டினார். பன்னிரண்டு சுற்று. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு குண்டாக உருட்டினால் ஒரு குண்டு எவ்வளவு பருமன் வருமோ அதுதான் 12 போரின் அளவு. தாத்தாவுக்கு இது தெரியும். "பன்னெண்டு போருக்குப் பன்னெண்டு சுத்து" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். வருஷக் கணக்கில் கை பட்டுப் பட்டு அந்தக் கம்பி தங்கக் காப்பு மாதிரி பளபளத்துக் கிடந்தது.

அதைத்தான் விற்றோம்.

காரணங்கள் எல்லாமே நியாயமாகத்தான் இருந்தன. அதன் தோட்டா அறை பழைய இங்கிலீஷ் அளவு, இரண்டரை அங்குலம். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 70 மில்லிமீட்டர் தோட்டாவை அதில் போடக் கூடாது. அதற்கேற்றதைத் தேடி அலைய வேண்டும். தோட்டத்து வேலைக்கு ஒற்றைக்குழல் வேண்டும். ரைபிளைக் கொடு என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை, அது அப்பா தானே வாங்கியது. சென்னையில் இருக்கும் தம்பி போனில், "பழசைத் தள்ளி விடுங்க, இப்பவாச்சும் காசாகும்" என்றான். நவம்பரில் நானே காரோட்டிக்கொண்டு போய் நகரத்துக் கடையில் 35,000 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டு வந்தேன். கடைக்காரர் அப்பாவின் லைசென்ஸில் அந்த எண்ணுக்கு நேராகக் கோடு போட்டார். ஸ்கேல் வைத்து, சிவப்பு மையில்.

திரும்பி வரும் வழியில் அப்பா எதுவும் பேசவில்லை. அவர் வழக்கமாகவே பேசாதவர் என்று நானும் சமாதானம் செய்துகொண்டேன்.

ஒரு வருஷம் கழித்துப் பட்டா மாறுதல் விஷயமாக ஒரு வக்கீலிடம் போயிருந்தேன். பேச்சுவாக்கில் துப்பாக்கி விற்ற கதை வந்தது. அவர் நாற்காலியில் சாய்ந்தபடியே, "உங்கப்பாவுக்கு வயசு என்ன?" என்றார். 77. "அந்தத் துப்பாக்கி அவர் பேர்ல எத்தனை வருஷம் இருந்தது?" தாத்தா போனதிலிருந்து, 1979 முதல். "அப்புறம் ஏம்மா வித்தீங்க? உங்க பேருக்கு மாத்தியிருக்கலாமே."

2016ஆம் ஆண்டுப் படைக்கல விதிகளில் 25ஆம் விதி என்று ஒன்று இருக்கிறது. உங்களுக்குத் தெரியாததல்ல. உரிமதாரர் இறந்த பிறகுதான் வாரிசுக்கு உரிமம் என்றில்லை. உரிமதாரருக்கு 70 வயது ஆகியிருந்தால், அல்லது அந்தத் துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்தால், இதில் எது முந்தியோ அப்போதே, தாம் நியமிக்கும் சட்டப்படியான வாரிசுக்கு உரிமம் கேட்க வழி உண்டு. அப்பாவுக்கு இரண்டுமே எப்போதோ பொருந்திவிட்டன. 2019 திருத்தத்தில் வாரிசுக்கும் இரண்டுதான் உச்சவரம்பு என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். என் பெயரில் ஒன்றுகூட இல்லை. ஒப்படைக்க ஒரு வருஷம், அதன்பின் உரிமத்திலிருந்து நீக்க 90 நாள் என்று சட்டமே அவகாசமும் கொடுத்திருந்தது. கடையில் டெபாசிட் வைத்துவிட்டு நான் மனுப் போட்டிருக்கலாம்.

எங்கள் வீட்டுக்கு வந்த அரைப்பக்கத்தில் இதில் ஒரு வரிகூட இல்லை. 'ஒப்படைக்க', 'தவறினால்', 'நடவடிக்கை' மட்டும் இருந்தன.

எந்த அலுவலகம் என்று நான் எழுதப் போவதில்லை. அந்த மேசையில் இருந்தவர் மேலிருந்து வந்ததை அப்படியே தட்டச்சு செய்து அனுப்பியிருப்பார். கொரோனா நேரத்தில் அவருக்கு ஆயிரம் வேலை. ஆனால் அப்பாவின் பிறந்த தேதியும், எந்த எண் துப்பாக்கி எந்த வருஷம் அவர் பெயருக்கு வந்தது என்பதும் உங்கள் கோப்பிலேயே இருந்தன. தேசியத் தரவுத் தளத்தில் ஒவ்வொரு உரிமத்துக்கும் தனி அடையாள எண் கொடுத்து ஏற்றியதும் நீங்கள்தான். யாருக்கு 70 ஆகிவிட்டது என்று பார்க்க ஒரு நாள்கூட ஆகாது.

நான் உரிமம் கேட்டு மனுப் போட்டது 2022 பிப்ரவரியில். அந்தப் பதினாறு மாதத்தை விரித்துச் சொல்லி உங்களைச் சோதிக்க மாட்டேன். போலீஸ் விசாரணை, வருவாய்த் துறை விசாரணை, துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளும் பயிற்சிக்கான சான்று எல்லாமே கேட்க வேண்டியவைதான். இவற்றைத் தளர்த்தச் சொல்லி நான் ஒருபோதும் எழுத மாட்டேன். எங்கள் சொந்தத்திலேயே துப்பாக்கி கைக்குப் போகவே கூடாத வாரிசுகள் இரண்டு பேரை எனக்குத் தெரியும். விசாரணைக்கு வந்தவர் முற்றத்தில் நின்றுகொண்டு, "வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லையாம்மா, உங்க பேர்ல எதுக்கு?" என்று கேட்டதை மட்டும் சொல்லிவைக்கிறேன். பதில் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் திண்ணையிலிருந்து அப்பா, "அவதான் சார் தோட்டம் பாக்குறா" என்றார். அதற்குப் பிறகு கேள்வியே வரவில்லை.

2023 ஜூனில் உரிமம் வந்தது. துப்பாக்கி இல்லாத உரிமம்.

கடைக்காரரிடம் போனேன். வாங்கியவர் பெயரைச் சொல்ல மாட்டேன் என்றுவிட்டார். அது சரிதான், என் பெயரையும் அவர் இன்னொருவரிடம் சொல்லக் கூடாதல்லவா? பதிவேட்டைப் புரட்டி எண்ணைச் சரிபார்த்துவிட்டு, "லெட்டர் எழுதிக் கொடுங்க, சேர்த்துடறேன்" என்றார். மூன்று முறை எழுதிக் கிழித்தேன். கடைசியில் போனது நாலே வரி. அதில் ஒரு வரி செம்புக் கம்பியைப் பற்றி.

நவம்பரில் ஒரு பெரியவர் போன் செய்தார். வேறொரு மலையில் ஏலக்காய்த் தோட்டம். "கம்பி கட்டுன வீட்டுப் பொண்ணா நீங்க?" என்றுதான் ஆரம்பித்தார். வாங்கிய பிறகு இரண்டே முறைதான் வெடித்தாராம். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். 1,10,000 ரூபாய் கேட்டார். நான் பேரம் பேசவில்லை. எண்பதுகளில் தனியாருக்கான துப்பாக்கி இறக்குமதி அடைபட்டதிலிருந்து இந்த மாதிரிப் பழைய இங்கிலீஷ் துப்பாக்கிக்குச் சொன்னதுதான் விலை. சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி, விற்கிறவர் தாம் யாருக்கு விற்கப் போகிறார் என்பதை மாவட்ட நிர்வாகத்துக்கோ பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ எழுதிக் கொடுத்துவிட்டு 45 நாள் பொறுக்க வேண்டும். பெரியவர் எழுதிக் கொடுத்தார். நான் சமையலறைக் காலண்டரில் நாளைக் கிழித்துக்கொண்டே இருந்தேன். நல்ல சட்டம் அது, மனசு மாறுவதற்கும் இடம் விடுகிறது. எங்களுக்கும் 2020இல் யாராவது 45 நாள் கொடுத்திருக்கலாம் என்று தோன்றியது.

2024 பிப்ரவரியில் கிரீனர் வீட்டுக்கு வந்தது.

உறையிலிருந்து எடுத்ததும் எனக்குத் திக்கென்றது. கட்டை முழுக்கக் கண்ணாடி மாதிரி பாலிஷ். விரிசலை ஏதோ பசை வைத்து அடைத்து, கம்பியைக் கழற்றி எறிந்திருந்தார்கள். பெரியவர் கைக்குப் போகும் முன்பே, விலை ஏறட்டும் என்று யாரோ செய்த வேலை. கழுத்தில் கம்பி அழுத்திய தடம்கூட இல்லை. எண் அதே எண். குழலடியில் கிரீடமும் எழுத்துமாகக் குத்தியிருக்கும் பர்மிங்காம் முத்திரைகளும் அவையேதான். ஆனாலும் கல்யாண வீட்டுக்கு மேக்கப் போட்டு உட்கார வைத்த கிழவி மாதிரி இருந்தது.

அப்பாவுக்கு இப்போது இரண்டு கண்ணிலும் புரை. மடியில் வைத்ததும் கை நேராகக் கழுத்துக்குத்தான் போனது. தடவினார். மறுபடி தடவினார். "கம்பி எங்கம்மா?" என்றார். கழற்றிவிட்டார்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு குழலை மடக்கி, உள்ளே தோட்டா இல்லையென்று விரலை விட்டுப் பார்த்து, நிமிர்த்தி மூடினார். அந்த 'டொக்' சத்தம் மாறவில்லை. என்னிடம் நீட்டும்போது, "காதைத் திருகியாச்சு" என்றார்.

ஒரு மாதம் ஆகவில்லை. மார்ச் 16 அன்று நாடாளுமன்றத் தேர்தல் தேதி அறிவித்தார்கள். ஸ்டேஷனிலிருந்து போன்: "துப்பாக்கியக் கொண்டாந்து ஒப்படைச்சிருங்க." யாரிடமிருந்து வாங்க வேண்டும் என்பதை மாவட்டத்தில் ஆய்வுக் குழு வைத்து ஒவ்வொருவராகப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் வழிமுறை. எங்கள் பக்கம் ஒரே பிடியாக எல்லோரையும் கூப்பிட்டார்கள். வழக்காட எனக்குத் தெம்பில்லை, கொடுத்துவிட்டு ரசீது வாங்கிக்கொண்டேன். ஏப்ரல் 19இல் ஓட்டுப் போட்டோம், ஜூன் 4இல் எண்ணினார்கள், அதற்கும் பிறகுதான் திரும்பக் கிடைத்தது. ஈரச் சுவரோரம் சாக்கில் சுற்றி வைத்திருந்திருக்கிறார்கள். இடக்குழலில் மிளகளவுக்குத் துரு. எண்ணெய் விட்டுத் தேய்த்துத் தேய்த்து இப்போது கடுகளவாகிவிட்டது.

இனி நான் கேட்க வந்தது. இரண்டு என்ற வரம்பை மூன்றாக்கச் சொல்லவில்லை. மசோதாவில் முதலில் ஒன்று என்றுதான் இருந்தது, எதிர்ப்புக்குப் பிறகு இரண்டானது, எனக்கு அதில் குறையில்லை. குடகுக்காரர்களுக்கு உள்ளது போல உரிமமே வேண்டாம் என்ற விலக்கையும் கேட்கவில்லை. உரிமதாரர் ஒருவருக்கு 70 வயது ஆகும்போதும், ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கும்போதும், அவர் இறந்த பிறகு 'ஒப்படைக்கவும்' என்று வீட்டுக்குக் கடிதம் போகும்போதும், கீழே இந்த வரியைச் சேருங்கள்: 'விதி 25இன்படி தகுதியுள்ள வாரிசு ஒருவர் இந்தத் துப்பாக்கிக்கு உரிமம் கோரி விண்ணப்பிக்கலாம், மகளும் விண்ணப்பிக்கலாம்.' தமிழில். 'மகளும்' என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இருந்திருந்தால் தம்பி போனில் சொன்னதோடு எங்கள் வீட்டில் பேச்சு முடிந்திருக்காது.

அடுத்த தேர்தலுக்கும் கூப்பிட்டால் கொண்டு வந்து கொடுப்பேன். சாக்கு மட்டும் வேண்டாமென்று ஸ்டேஷனில் சொல்லிவையுங்கள். தடித்த காடாத் துணியில், உள்ளே பஞ்சு வைத்து, ஓர் உறை தைத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மலையிலிருந்து ஒரு காபித் தோட்டக்காரி