அந்தக் கயிற்றைக் கொஞ்சம் உள்ளே தள்ளிக் கட்டுங்கள்

மதிப்பிற்குரிய அருங்காட்சியக ஓவியப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியர் கனலெட்டோ யார், கால்வாய்கள் ஓடும் தன் இத்தாலிய நகரம் வெனிசை அவர் எப்படி வரைந்தார் என்றெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போன வாரம் உங்கள் கூடத்தில் அவருடைய கால்வாய்க் காட்சி ஒன்றின் முன்னால் நின்றேன். நின்றேனே தவிர, பார்க்க முடியவில்லை.

அந்த ஓவியம் இன்னொரு பெரிய ஓவியத்துக்கு மேலே, இரண்டாம் வரிசையில் தொங்குகிறது. கீழே கயிறு. ஓவியத்தின் கண்ணாடியில் எதிர்ச் சன்னலின் வெளிச்சம். இடப்பக்கம் நகர்ந்தால் வானம் தெரிகிறது, தண்ணீர் மறைந்துவிடுகிறது. வலப்பக்கம் போனால் எதிர்ச்சுவர்தான் தெரிகிறது. கயிற்றின் மேல் சற்றே சாய்ந்தேன், மணி அடித்துவிட்டது. காவலர் வந்து தள்ளி நிற்கச் சொன்னார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை, இட்ட வேலையைச் செய்கிறார். வருத்தமெல்லாம் உங்கள் மேல்தான்.

நான் பார்க்க வந்தது ஒரு பச்சைக் கோடு. வெனிசில் தண்ணீர் வந்து வந்து போகும் சுவர்களில் ஓரளவு உயரம் வரை பாசி படியும். கனலெட்டோ அதை விடாமல் வரைந்திருக்கிறார். கட்டடங்களைத் தன் வசதிக்குக் கொஞ்சம் நகர்த்தி வரைந்தவர்தான், ஆனால் பாசி விஷயத்தில் கறாராக இருந்திருக்கிறார். தாரியோ கமூஃபோ என்ற இத்தாலிய அறிவியலாளரும் அவரது குழுவினரும், கனலெட்டோ, அவருடைய சகோதரி மகன் பெல்லோட்டோ இருவரின் ஓவியங்களில் உள்ள பாசிக் கோட்டை இன்றைய சுவர்களோடு ஒப்பிட்டார்கள். அன்றிலிருந்து வெனிசில் தண்ணீர் சுமார் 60 செ.மீ. ஏறியிருக்கிறது என்று அதிலிருந்து கணக்கிட்டார்கள். கடல்மட்டத்தை அளக்கும் கருவி வெனிசுக்கு வருவதற்கு நூறாண்டுக்கும் முன்பே, தூரிகை பதிந்து வைத்த அளவு அது. உங்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றால் அந்தக் கோடு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது.

அதனால்தான் கேட்கிறேன், கயிற்றைக் கொஞ்சம் உள்ளே தள்ளிக் கட்டுங்கள். ஓவியத்தைக் கண்மட்டத்துக்கு இறக்குங்கள்.

நகரக் காட்சி ஓவியத்தின் உயிரே சின்னச் சின்ன மனிதர்களில்தான் இருக்கிறது. லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் கனலெட்டோவின் ‘கல்தச்சர் முற்றம்’ ஓவியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், 1725ஐ ஒட்டி வரைந்தது. இடது மூலையில் ஒரு குழந்தை தடுக்கி விழுந்து கிடக்கிறது, பயத்தில் சிறுநீரே வந்துவிட்டது. ஒரு பெண் கையை நீட்டிக்கொண்டு ஓடி வருகிறாள். இன்னொருத்தி மாடத்திலிருந்து எட்டிப் பார்க்கிறாள். பக்கத்தில் தச்சர்கள் பாட்டுக்குக் கல்லைச் செதுக்கிக்கொண்டிருக்கிறார்கள். பத்தடி தள்ளி நின்றால் இதில் எது கண்ணில் படும்? அங்கே சில புள்ளிகள் இருப்பதாகத்தான் தோன்றும்.

பெல்லோட்டோ கதையும் உங்களுக்குத் தெரிந்ததுதான். 1944இல், உலகப் போரின்போது, போலந்தின் வார்சா நகரம் தரைமட்டமான பிறகு அதைத் திரும்பக் கட்டியவர்கள், பழைய புகைப்படங்கள், வரைபடங்களோடு அந்த நகரை அவர் வரைந்த ஓவியங்களையும் வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். அவர்கள் சன்னல் சன்னலாகப் பார்க்க வேண்டியிருந்தது. எங்களுக்கும் அந்த ஆசை இருக்காதா?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கனலெட்டோவிடம் ஓவியம் வாங்கியவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலேயப் பிரபுக்கள். தங்கள் வீட்டுச் சுவரில் மாட்டி, எவ்வளவு கிட்டே வேண்டுமானாலும் போய்ப் பார்த்திருப்பார்கள். அப்படி ஒரு வீட்டுக்குள் கிடந்ததைப் பொதுக் கூடத்துக்குக் கொண்டுவந்ததே எல்லாரும் பார்க்கத்தானே? கீழே உங்கள் கடையில் அதே ஓவியம் குளிர்பெட்டியில் ஒட்டும் காந்தமாக, நல்ல வெளிச்சத்தில், கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது. அதைப் பார்த்தபோது உண்மையிலேயே கோபம் வந்தது. கடைக்கு விளக்குப் போடத் தெரிந்தவர்களுக்கு ஓவியத்துக்கும் போடத் தெரியாமலா இருக்கும்?

சரி, கோபத்தில் சற்று அதிகம் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஓவியத்தின் பாதுகாப்பு முக்கியம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. கயிற்றை எடுத்துவிடச் சொல்லவில்லை, உள்ளே தள்ளிக் கட்டத்தான் கேட்கிறேன். எதிரொளிக்காத கண்ணாடி போட முடிந்தால் நல்லது, இல்லையென்றால் அந்தச் சன்னலுக்கு ஒரு திரையாவது போடுங்கள். ஓவியத்தை இறக்க வழியே இல்லையென்றால், கீழ்ப்பகுதியை மட்டும் பெரிதாக்கிய படம் ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள்.

கோடை விடுமுறையில் என் மகளை அங்கே அழைத்து வர நினைத்திருக்கிறேன். அதற்குள் கயிறு மட்டுமாவது நகர்ந்திருந்தால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் பார்வையாளர்களில் ஒருவன்