ஆடிப் பதினெட்டுக்கு முன் உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டும்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

ஆடிப் பதினெட்டு நெருங்குகிறது. காவிரியில் தண்ணீர் நிறைய ஓடும் நேரம். வகுப்பில் பிள்ளைகள் யார் யார் எந்தப் படித்துறைக்குப் போகிறோம் என்று இப்போதே பேச ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பேச்சைக் கேட்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் விபத்து மரணங்களின் கணக்கை வெளியிடுகிறது. 2022-ஆம் ஆண்டு நம் நாட்டில் தண்ணீரில் மூழ்கி இறந்தவர்கள் 38,000 பேருக்கும் மேல். ஒரு நாளைக்கு நூறு பேருக்குக் குறையாமல் இறந்திருக்கிறார்கள். கணக்கை முதலில் பார்த்தபோது மழை வெள்ளம், புயல் எல்லாம் சேர்ந்த எண்ணிக்கையாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படி இல்லை. வெள்ளத்தில் இறந்தவர்களை இயற்கைச் சீற்றம் என்ற தலைப்பில் தனியாகக் கணக்கெடுக்கிறார்கள். படகு கவிழ்ந்து இறந்தவர்களுக்கும் தனி வரி உண்டு, அது இதில் மிகச் சிறிய பங்குதான். மற்றவர்கள் தவறி விழுந்தவர்கள், குளிக்கப் போனவர்கள், கால் கழுவ இறங்கியவர்கள். தினமும் பார்த்துப் பழகிய தண்ணீரில் போனவர்கள்.

இந்த எண்ணிக்கை காவல் நிலையத்தில் பதிவான வழக்குகளிலிருந்து வருகிறது. புகார் எதற்கு, பிரேதப் பரிசோதனை எதற்கு என்று அழுதுகொண்டே பிள்ளையை அடக்கம் செய்துவிட்ட வீடுகள் அதில் வராது. அப்படிப்பட்ட வீடுகளை நீங்களும் அறிவீர்கள்.

நான் முன்பு வேலை பார்த்த ஊரில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் பண்ணைக்குட்டையில் இறந்தான். சனிக்கிழமை ஆடு மேய்க்கப் போனவன், செருப்பைக் கழுவக் குனிந்திருக்கிறான். கூட இருந்தவன் நான்காம் வகுப்பு. அவன் ஓடிப்போய் ஆளைக் கூட்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. திங்கட்கிழமை சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, 'பள்ளியை விட்டு நீங்கிய காரணம்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு அந்தக் குட்டையைப் போய்ப் பார்த்தேன். ஆழம் அதிகம் இல்லை. ஆனால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் இருக்க அடியிலும் நான்கு பக்கச் சரிவிலும் கறுப்புத் தாள் விரித்திருந்தார்கள். அதில் பாசி படிந்திருந்தது. கையை வைத்துப் பார்த்தேன், எண்ணெய் தடவியது போல வழுக்கியது. நீச்சல் தெரிந்த பெரிய ஆளே பிடிமானம் இல்லாமல் ஏற முடியாது. ஒரு முனையை வேப்பமரத்தில் கட்டி, மறு முனையைத் தண்ணீருக்குள் போட்ட ஒரு கயிறு இருந்திருந்தால் அவன் இப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பான். ஆகவே தோட்டத்தில் குட்டை வைத்திருப்பவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்: இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்ட கயிறு கட்டி விடுங்கள். பழைய டயர்களைக் கோர்த்துத் தொங்க விட்டாலும் சரி.

இன்னொன்று. நம் தலைமுறைக்குக் கிணற்றில்தான் நீச்சல் வந்தது. இடுப்பில் கயிறு, முதுகில் சுரைக்குடுக்கை, மேலே கயிற்றைப் பிடித்தபடி அப்பாவோ மாமாவோ. இப்போது எல்லாத் தோட்டத்திலும் போர் போட்டாயிற்று. கிணற்றை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை, படிகள் இடிந்து கிடக்கின்றன. கிணறு அப்படியே இருக்கிறது, நீச்சல் போய்விட்டது. கைவிட்ட கல்குவாரிக் குழிகள் வேறு, மழை பெய்தால் நிரம்பி நீலமாக நிற்கின்றன. நீந்தத் தெரிந்த பெரியவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். விருப்பம் உள்ளவர்கள் சொன்னால், எந்த இடத்தில், யார் பொறுப்பில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கலாம் என்று பெற்றோர் கூட்டத்தில் பேசி முடிவு செய்யலாம். பெண் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவர்களுக்கு எதற்கு நீச்சல் என்று யாரும் கேட்க வேண்டாம். 2022 ஜூன் மாதம் கடலூர் பக்கம் கெடிலம் ஆற்றுத் தடுப்பணையில் ஒரே நாளில் ஏழு பேர் இறந்தார்கள். ஏழு பேரும் சிறுமிகளும் இளம்பெண்களும்தான்.

ஒருவர் மூழ்கினால் காப்பாற்றப் போனவரும் சேர்ந்து போவது அடிக்கடி நடக்கிறது. உயிர் பயத்தில் கைக்குக் கிடைத்ததை இறுக்கிக்கொள்வார்கள், தூக்கப் போன பிள்ளையின் கழுத்தையும் சேர்த்து. அதனால் பள்ளியில் நாங்கள் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான்: நீ குதிக்காதே, கத்து, எதையாவது வீசு. துப்பட்டா, மூங்கில் கழி, மூடி போட்ட காலிக் குடம், எது கிடைத்தாலும் சரி. வீட்டிலும் இதையே சொல்லுங்கள். நண்பனை விட்டுவிட்டு ஓடி வந்தாயா என்று எந்தப் பிள்ளையையும் கேட்டுவிடாதீர்கள். அந்த நான்காம் வகுப்புப் பையனிடம் ஊரே அதைக் கேட்டது. அவன் செய்தது சரியான காரியம்.

மூழ்குகிற பிள்ளை கத்தாது. மூச்சு விடவே வாய் மேலே வராதபோது எப்படிக் கத்தும்? கரையில் பேசிக்கொண்டே, சத்தம் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க வேண்டாம். முளைப்பாரி விடும்போது, மஞ்சள் கயிறு மாற்றும்போது, படையல் போடும்போது, ஒரு பெரியவர் மட்டும் வேறு வேலை எதுவும் இல்லாமல், கைபேசியும் இல்லாமல், பிள்ளைகளையே பார்த்துக்கொண்டு நிற்கட்டும். முறை மாற்றிக்கொள்ளுங்கள். மேட்டூரில் கூடுதலாகத் திறந்தால் முழங்கால் தண்ணீர் இடுப்புக்கு வர அதிக நேரம் ஆகாது. தண்டோராவோ ஒலிபெருக்கியோ கேட்டால் பூசை பாதியில் இருந்தாலும் மேலே ஏறிவிடுங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் பக்கெட்டில் தண்ணீர் பிடித்து வைக்காதீர்கள். தலைகுப்புற விழுந்தால் அந்த அளவு தண்ணீரே போதும்.

அப்புறம், வெளியே எடுத்த பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும், குடத்தின் மேல் கவிழ்த்து வயிற்றை அமுக்குவதும் வேண்டாம். அதில் போகிற ஒவ்வொரு நிமிடமும் மூளைக்குக் காற்று இல்லாத நிமிடம். மல்லாக்கப் படுக்க வைத்து, மூச்சு இல்லையென்றால் மூக்கை அடைத்து வாயோடு வாய் வைத்து ஊதுங்கள், நெஞ்சை அழுத்திவிடுங்கள். இன்னொருவர் 108-க்குக் கூப்பிடட்டும். இதைச் செய்து காட்ட ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து செவிலியரை அழைக்க இருக்கிறோம். நாள் முடிவானதும் சொல்லி அனுப்புகிறேன். வேலை இருந்தாலும் வீட்டுக்கு ஒருவராவது வாருங்கள், பாட்டி தாத்தா வந்தால் இன்னும் நல்லது. பகலில் பிள்ளையோடு இருப்பவர்கள் அவர்கள்தானே.

இந்தக் கடிதத்தின் கீழே ஒரு துண்டுச் சீட்டு இருக்கிறது. உங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியில் மூடாத கிணறு, குட்டை, குவாரிக் குழி எங்கெங்கே இருக்கிறது என்று எழுதி, வெள்ளிக்கிழமைக்குள் பிள்ளையிடம் கொடுத்து அனுப்புங்கள். எல்லாவற்றையும் தொகுத்து ஊராட்சித் தலைவரிடம் நானே நேரில் கொடுக்கிறேன். எழுதச் சிரமம் என்றால் மாலையில் பள்ளிக்கு வந்து வாயால் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்