ஓர் இரவு மட்டும் தங்குகிறவர்களுக்கும் இடியப்பம் எடுத்து வையுங்கள்

கொழும்பின் சிறிய சாப்பாட்டுக் கடை முதலாளிமாருக்கு,

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை, கொம்பனித் தெரு, புதுக்கடை என்று இந்த நகரத்தின் ஒழுங்கைகளிலும் சந்திகளிலும் கடை நடத்துகிற உங்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். விடிய நாலு மணிக்கு எழும்பி மா குழைக்கிறவர்கள் நீங்கள். இரவு பதினொரு மணிக்குக் கடைசிப் பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் ஷட்டரை இழுக்கிறீர்கள். நான் வெள்ளவத்தைக்கு வந்து பதினெட்டு வருஷம். கிழமையில் மூன்று நாளாவது உங்கள் கைச் சாப்பாடுதான். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன்.

போன ஆவணியில் யாழ்ப்பாணத்திலிருந்து அக்கா குடும்பம் வானில் வந்தது. அக்கா, அத்தான், இரண்டு பிள்ளைகள், அத்தானின் அம்மா. கதிர்காமம் போகிற வழியில் இங்கே ஓர் இரவு தங்கல். காலை எட்டு மணிக்குப் புறப்பட்டு, வவுனியா, அநுராதபுரம், புத்தளம், சிலாபம் எல்லாம் தாண்டி, நீர்கொழும்பில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து சேர இரவு ஏழு மணியாகிவிட்டது. கிட்டத்தட்ட நானூறு கிலோமீற்றர். மாமிக்கு எழுபது தாண்டிவிட்டது. கால் இரண்டும் வீங்கியிருந்தன. நானும் வேலை முடிந்து அப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். சரி, வெளியில் சாப்பிடுவோம் என்று காலி வீதிக்கு வந்தோம்.

நல்ல வெளிச்சமாக, பெரிய படங்கள் போட்டிருந்த ஒரு கடைக்குள் ஏறினோம். என்ன இருக்கிறது என்று அத்தான் கேட்டார்.

"ஃப்ரைட் ரைஸ், நூடில்ஸ், கொத்து இருக்கண்ணை."

"இடியப்பம், புட்டு ஒண்டும் இல்லையோ?"

"அது முடிஞ்சுது."

கோயிலுக்குப் போகிறவர்கள் என்பதால் எல்லோருக்கும் மரக்கறிச் சாப்பாடுதான். மரக்கறி ஃப்ரைட் ரைஸ் சொன்னோம். முக்கால் மணி நேரம் கழித்து வந்தது. மாமி இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாவது வாயில் ஒரு சின்ன முட்டைத் துண்டு. அவர் சத்தம் போடவில்லை. வாயிலிருந்ததைக் கடதாசியில் எடுத்து வைத்துவிட்டு, தட்டை மெதுவாகத் தள்ளி, "பசிக்கேல்லை பிள்ளை" என்றார். அன்றிரவு அவர் சாப்பிட்டது இரண்டு கதலி வாழைப்பழம். அந்தக் கடையின் பெயரைச் சொல்ல நான் இதை எழுதவில்லை. ஒரே சட்டியில் எல்லாவற்றையும் வறுக்கிற எந்தக் கடையிலும் அது நடக்கும்.

என்னை இன்றுவரை வருத்துவது அதற்கு அடுத்த நாள் கண்டது. காலையில் பாண் வாங்கப் போனபோது, அந்தக் கடையிலிருந்து ஐம்பது யார் தள்ளி, கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், ஒரு வீட்டு முன்விறாந்தையில் இடியப்பத் தட்டுகள் கழுவிக் காயவைத்திருந்தன. விசாரித்தேன். அங்கே ஒவ்வொரு இரவும் இடியப்பம், சொதி, சம்பல் விற்கிறார்கள். முந்தின இரவும் விற்றிருக்கிறார்கள். ஒரு போர்டு இல்லை, ஒரு மட்டை இல்லை. பக்கத்து வீடுகளுக்கும் மாடிவீட்டுக்காரருக்கும் தெரியும், அவ்வளவுதான். இரண்டு தெரு தள்ளி இருக்கிற எனக்கே பதினெட்டு வருஷமாகத் தெரியாதென்றால், வானில் வந்து இறங்குகிறவருக்கு எப்படித் தெரியும்?

மூன்று நாள் கழித்து அவர்கள் திரும்பி வந்தார்கள். இந்த முறை நான் பின்னேரம் ஐந்து மணிக்கே அந்த விறாந்தை வீட்டில் இடியப்பம் விற்கிற அம்மாவுக்குப் போன் எடுத்தேன். ஆறு பேர், எட்டு மணி, அதில் ஒருவருக்கு சைவம். "எத்தினை பேர் எண்டு முன்னமே சொன்னால்தானே மா குழைக்கலாம். வாங்கோ" என்றார்.

நாங்கள் போனபோது அவர் அடுப்படியில் நின்றார். சிவப்பரிசி மாவை உரலில் அடைத்து ஒவ்வொரு தட்டிலும் ஒரே சுற்றாகப் பிழிந்தார். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அவியவிட்டார். பக்கத்து அடுப்பில் வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, வெந்தயம் எல்லாம் இரண்டாம் பாலில் வெந்துகொண்டிருந்தன. மஞ்சள் ஒரு சிட்டிகை போட்டு, தலைப்பாலை விட்டதும் அகப்பையை வைக்கவே இல்லை. திரைந்துபோகாமல் அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டே நின்றார். ஒரு கொதி எழும்புகிற நேரம் பார்த்து இறக்கினார். சூடு கொஞ்சம் அடங்கினபிறகுதான் தேசிக்காய்ப் புளி. எங்களுக்கு அறக்குளா மீன் போட்ட சொதி, மாமிக்கு வேறு சட்டியில் வேறு அகப்பையில் மீன் படாத சொதி. செத்தல் மிளகாய் இடித்த சம்பல். வேறொன்றும் இல்லை. பிளாஸ்டிக் கதிரையில் இருந்து சாப்பிட்டோம். கடற்கரைப் பாதையில் ரயில் போகிற சத்தம் கேட்டது. மாமி ஏழு இடியப்பம் சாப்பிட்டார். "இப்பதான் வயிறு ஆறினது பிள்ளை" என்றார்.

பிள்ளைகளுக்குத் தாமரைக் கோபுரத்தையும் காலிமுகத்திடலையும் காட்டினோம். இப்போது போனில் கதைத்தால் சின்னவன் கேட்பது அந்த வீட்டைப் பற்றித்தான்.

முதலாளிமாரே, கொழும்பு இப்போது ஓர் இரவு தங்கிப் போகிற ஊராகிவிட்டது. தெற்கு அதிவேகப் பாதை 2020இல் மத்தள வரை நீண்டபிறகு, வடக்கிலிருந்து கதிர்காமம் போகிறவர்கள் இங்கே படுத்து எழும்பி, காலையில் கொட்டாவையில் ஏறி, மத்தியானத்துக்குள் போய்ச் சேருகிறார்கள். விமானத்துக்கு வருகிறவர்கள், விசாவுக்கு வருகிறவர்கள், ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள், இரவு பஸ் ஏறுமுன் வெள்ளவத்தையில் பசியோடு நிற்கிறவர்கள் வேறு. அவர்களுக்குக் கிடைப்பது ஒரேயொரு இரவுச் சாப்பாடு. அது நாட்டில் எந்தச் சந்தியிலும் கிடைக்கிற ஃப்ரைட் ரைஸாகப் போய்விடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

ஃப்ரைட் ரைஸ் மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை. நீங்கள் ஏன் அதை வைத்திருக்கிறீர்கள் என்று தெரியும். சோறு ஆறினாலும் வறுக்கலாம், ஆள் வந்தபிறகு பத்து நிமிஷத்தில் போடலாம், மிஞ்சினால் நட்டம் குறைவு. இடியப்பம் அப்படியல்ல, அவித்தது ஆறினால் காய்ந்துவிடும், தேங்காய்ப்பால் அடுத்த நாளுக்கு நிற்காது. 2022இல் காஸ் சிலிண்டருக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்று, கிடைக்காமல் விறகு மூட்டிச் சமைத்தவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். அந்த அடியிலிருந்து எழும்பினவர்களிடம் நட்டப்படுங்கள் என்று யாரும் கேட்க முடியாது.

அதனால் நான் கேட்பது செலவில்லாத காரியம். பின்னேரம் ஐந்து மணிக்கு ஒரு கரும்பலகையில் அன்றிரவு என்ன சமைக்கிறீர்கள் என்று எழுதிக் கடை வாசலில் வையுங்கள். தமிழில், சிங்களத்தில், ஆங்கிலத்தில். இடியப்பமும் மீன் சொதியும் என்றால் அப்படியே எழுதுங்கள். எத்தனை மணி வரை இருக்கும் என்று எழுதுங்கள். சைவமென்றால் வேறு சட்டியா என்று எழுதுங்கள். மாமியைப் போன்றவர்களுக்கு விலையைவிட அது முக்கியம். விலையையும் போடுங்கள். 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும் விலையைக் கண்ணில் படும்படி வைக்கத்தான் சொல்கிறது. அப்புறம், கீழே ஒரு போன் நம்பர். முன்கூட்டிச் சொல்கிறவருக்கு எடுத்து வைத்தால் உங்களுக்கும் மிஞ்சாது.

மேசைக்கு வருகிற தம்பிமாருக்கும் ஒன்று சொல்லிவையுங்கள். பயணப் பையோடு வருகிறவரைக் கண்டதும் ஃப்ரைட் ரைஸ் என்று தொடங்கவேண்டாம். இன்றைக்கு எது சுடச்சுட இருக்கிறதோ அதை முதலில் சொல்லட்டும். உங்களிடம் முடிந்துவிட்டால், பக்கத்து ஒழுங்கையில் யாரிடம் இருக்கிறது என்று கைகாட்டி விடட்டும். அப்படிக் கைகாட்டிவிட்ட கடைக்கு அடுத்த நாள் காலைச் சாப்பாட்டுக்கு நானே திரும்பிப் போயிருக்கிறேன்.

இதை வெள்ளவத்தைக்கு மட்டும் சொல்லவில்லை. கொம்பனித் தெருவில் மலாய் வீடுகளின் நாசி கோரெங் என்கிற வறுத்த சோறும் பாபத் என்கிற இரைப்பைக் கறியும், புதுக்கடையில் இரவு நெடுநேரம் வரை கிடைக்கிற புரியாணியும் வட்டிலப்பமும், சிங்களக் கடைகளில் தாச்சியிலிருந்து இறக்கினவுடன் கட்டைச் சம்பலோடு தருகிற ஆப்பமும் எல்லாம் இந்த ஊர்ச் சாப்பாடுதான். யாழ்ப்பாணத்து இடியப்பம் எப்படிக் கொழும்புச் சாப்பாடாகும் என்று ஒருவர் என்னிடம் கேட்டார். மலாய்க்காரரும் பறங்கியரும் நாங்களும் வந்து குடியேறிச் சமைத்ததுதானே கொழும்பு? வந்து இறங்குகிறவருக்கு அதில் ஒரு தட்டாவது கிடைக்கவேண்டும்.

வரும் தை மாதம் மட்டக்களப்பிலிருந்து என் தங்கை குடும்பம் காலிக்குப் போகிற வழியில் இங்கே தங்குகிறது. நாலு பேர், சின்னப்பிள்ளை ஒன்று உறைப்புச் சாப்பிடாது. அன்று பின்னேரம் ஆறு மணிக்கு அவர்களையும் கூட்டிக்கொண்டு காலி வீதியால் நடந்து வருவேன். எந்த வாசலில் கரும்பலகை இருக்கிறதோ அங்கே ஏறுவோம்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்