பதில் வராத நோயாளியை முதலில் அழையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

எலும்பு அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவருக்கு மருத்துவமனையிலிருந்து போகும் குறுஞ்செய்தி, பெரும்பாலும் 'நாளை வரவும்' என்பதோடு நின்றுவிடுகிறது. அவர் எப்படித் தேறிவருகிறார் என்று அதே வழியில் கேட்டறிந்து, மறுபரிசோதனைக்கு யாரை முன்னதாக வரச் சொல்வது என்றும் தீர்மானிக்கலாம்.

ஒரு செய்தியில் ஒரே கேள்வி போதும். இரண்டு கேட்டால், வரும் '3' எதற்கான பதில் என்று தெரியாது. தமிழ்ச் செய்தி ஒன்றில் 70 குறியீடுகளுக்குத்தான் இடம்; எழுத்து, அதன் புள்ளி, கொம்பு எல்லாம் தனித்தனிக் குறியீடாக எண்ணப்படும். 'மூட்டு' என்ற சொல்லே ஆறைப் பிடித்துக்கொள்ளும். 'இன்று வலி எவ்வளவு? 0 முதல் 10 வரை ஒரு எண் அனுப்பவும்' என்பது அதற்குள் அடங்கும். முதல் இரண்டு வாரம் தினமும், பிறகு ஆறாவது வாரம் வரை வாரம் ஒருமுறை கேட்கலாம்.

ஒரு நாளின் எண்ணைத் தனியாக வைத்து எதுவும் சொல்ல முடியாது. முழங்கால் மூட்டு மாற்றிய மூன்றாம் நாள் வலி 6 என்றால் வியப்பில்லை. 3-க்கு இறங்கிய வலி இரண்டாவது வாரத்தில் மறுபடி 6-க்கு ஏறினால் கிருமித்தொற்றோ, கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்ததோ, கீழே விழுந்ததோ காரணமாக இருக்கலாம். தையல் பிரிக்கும் நாள் வரை காத்திராமல் அன்றே பேச வேண்டும். மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்பதைப் பாகையில் கேட்டுப் பயனில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, பாதத்தை முழங்காலுக்கு நேர் கீழே வைக்க முடிகிறதா என்று கேளுங்கள்; முடிந்தால் ஏறக்குறைய 90 பாகை.

பதில் வராததை 'நலம்' என்று எடுத்துக்கொள்வதுதான் பெரிய தவறு. கைபேசி வேலைக்குப் போன மகனிடம் இருக்கலாம். வலி மாத்திரையின் மயக்கத்தில் நோயாளி தூங்கிக்கொண்டிருக்கலாம். இரண்டு செய்திகளுக்குப் பதில் இல்லையென்றால் தொலைபேசியில் அழைத்தே ஆக வேண்டும். வீட்டுக்கு அனுப்புமுன் வார்டிலேயே ஒரு சோதனைச் செய்தி அனுப்பிப் பதில் வாங்கி, கைபேசி யாருடையது என்று குறித்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும். பிறர் கையில் இருக்கும் கைபேசி என்பதால் நோயின் பெயரைச் செய்தியில் எழுதக் கூடாது.

பதில்கள் நன்றாக இருக்கின்றன என்று எக்ஸ்ரே எடுப்பதை ரத்து செய்யாதீர்கள். மணிக்கட்டு முறிவுக்கு மாவுக்கட்டு போட்ட முதல் இரண்டு வாரங்களில், பெரிதாக வலிக்காமலேயே எலும்பு விலகக்கூடும். அதை எக்ஸ்ரேதான் காட்டும்.

வருகிற எண்களைத் தினமும் காலையில் பார்க்க ஒரு செவிலியரைப் பொறுப்பாக்க வேண்டும். இரவில் வரும் பதில்களை அப்போதே யாரும் பார்ப்பதில்லை என்பதை முதல் செய்தியிலேயே சொல்லிவிடுங்கள். மாவுக்கட்டுக்குள் வலி தாங்க முடியாமல் ஏறினால், விரல் மரத்துப்போனால், நீலம் பாய்ந்தால் செய்தி அனுப்பிக் காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வர வேண்டும் என்று வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சீட்டில் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
எலும்பு சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்கள், பிசியோதெரபிஸ்டுகள்