தெப்பக்குளத்து அண்ணனுக்கு நன்றி

நேற்று தெப்பக்குளம் பக்கம், செகண்ட் ஹேண்டில் வாங்கிய பைக்கை உதைத்து ஓய்ந்து நின்றபோது உதவிய அண்ணனுக்கு நன்றி. பெயர் கேட்பதற்குள் ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டார்.

மாதக்கணக்கில் ஷெட்டில் கிடந்த வண்டி என்றாலே எல்லாரும் பேட்டரியைத்தான் குறை சொல்வார்கள். அவர் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, எஞ்சின் மேல் ஒட்டிவைத்து உதைக்கச் சொன்னார். பொறி நன்றாகவே வந்தது. ஆனால் பிளக் முனை காய்ந்திருந்தது.

“கரண்ட் இருக்கு தம்பி, பெட்ரோல்தான் வரல.”

பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரின் அடித்திருகைத் தளர்த்தியதும் வார்னிஷ் வாடையோடு மஞ்சளாக வடிந்தது. பெட்ரோல் ஆவியாகி, மிஞ்சிய பிசின் அதற்குள் பெட்ரோல் போகும் பொடித்துளையான பைலட் ஜெட்டை அடைத்திருக்கிறது. ஊசி விட்டால் பித்தளைத் துளை பெருத்துவிடும் என்று, பழைய ஒயரிலிருந்து ஒற்றைச் செம்பு இழையை உருவித் துழாவினார். அப்புறம் புதுப் பெட்ரோல், சோக், உதை. பிடித்துக்கொண்டது!

டீக்குக்கூட நிற்கவில்லை மனிதர். அண்ணே, நீங்கள் சொன்னபடி டேங்கையும் கழுவிவிட்டேன்.