தத்துக் குழந்தைகளுக்குக் காது பரிசோதனை: பெராவுக்குப் போகும் முன்

வணக்கம். புதிதாகத் தத்தெடுத்திருக்கும் பெற்றோர் கவனத்துக்கு.

மருத்துவ அறிக்கையில் 'செவித்திறன் நார்மல்' என்று இருந்தால், எந்தப் பரிசோதனை செய்தார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் ஓ.ஏ.ஈ.தான் இருக்கும். அது உள்காதைப் பார்க்கும், நரம்பைப் பார்க்காது. குறைமாதம், கடும் மஞ்சள் காமாலை, இன்குபேட்டரில் இருந்தது, பிறப்பு விவரமே தெரியாதது என்றால் பெராவும் (காதிலிருந்து மூளைக்கு நரம்பு வழியே ஒலி போகிறதா என்று பார்க்கும் பரிசோதனை) எடுத்துவிடுங்கள். கைதட்டினால் திரும்புகிறது என்று விட்டுவிட வேண்டாம்.

பெராவுக்குக் குழந்தை அசையாமல் தூங்க வேண்டும். வேதாரண்யம், முத்துப்பேட்டை பக்கமிருந்து தஞ்சைக்கு வருபவர்களுக்கு இதுதான் பெரிய சிக்கல்: பிள்ளை பஸ்ஸிலேயே தூங்கிவிட்டு அங்கே விழித்துக்கொள்ளும். முதல்நாள் இரவு தாமதமாகத் தூங்கவைத்து, காலையில் சீக்கிரம் எழுப்பி, வழியெல்லாம் விளையாட்டுக் காட்டுங்கள். முதல்நாளே தலைக்குக் குளிப்பாட்டி, எண்ணெய் வைக்காமல் விடுங்கள். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் எலக்ட்ரோடு ஒட்டுவார்கள்; எண்ணெய், பவுடர், திருஷ்டிப் பொட்டு இருந்தால் சரியாகப் பிடிக்காது, அலையும் தெளிவாக வராது.

சளி இருந்தால் முன்பே சொல்லுங்கள். நடுக்காதில் நீர் கோத்திருந்தாலும் கேட்கும் அளவு குறைத்துக் காட்டும். தூக்க மருந்து டாக்டர் கொடுப்பது மட்டுமே. வலிப்பு, இதயக் கோளாறு இருந்தால் மறைக்காதீர்கள். மருந்துக்கு முன் கடைசிப் பால் எத்தனை மணிக்குத் தரலாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

குறை உறுதியானால் காத்திருக்க நேரமில்லை. முதலமைச்சர் காப்பீட்டில் காக்ளியர் (உள்காதில் கேட்கும் கருவி பொருத்தும்) அறுவை சிகிச்சைக்கு 6 வயது வரம்பு உண்டு. தத்து ஆணை வந்ததும் ஆவணங்களை வரிசையாக எடுங்கள்: முதலில் பிறப்புச் சான்றிதழ், அடுத்து ஆதார், அதன்பின் யு.டி.ஐ.டி. எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும்.